கருவி யார் பேச்சைக் கேட்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 61. பல வருடம் கணினியில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்படியிருந்தும் போனில் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் தடுமாறுகிறேன். நேற்று இருந்த பொத்தானை இன்று காணவில்லை. சமூக வலைத்தளத்தில் தங்கை போடும் படம் நான்கு நாள் கழித்துத்தான் என் கண்ணில் படுகிறது. நான் கேட்காத வீடியோக்கள் மட்டும் வரிசையாக வருகின்றன. "உனக்குத்தாம்மா பழகத் தெரியல" என்கிறான் மகன். இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்யவே முடியாதா? இல்லை, நாங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டுமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

குறை உங்களிடம் இல்லை. அதற்காகப் பழகுவதே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில், சான் பிரான்சிஸ்கோவில், மவுஸை முதன்முறையாகப் பொதுமேடையில் காட்டினார். தொலைவில் இருக்கும் ஒருவரோடு ஒரே ஆவணத்தில் சேர்ந்து வேலை செய்வதையும் அன்றைய 90 நிமிடத்தில் செய்து காட்டினார். அவர் காட்டிய அந்த முழு அமைப்பை ஒரே நாளில் பழகிவிட முடியாது. ஆனால் பழகியவருக்கு அது கை நீண்டதுபோல இருக்கும். உங்களுக்கு நடப்பது அதுவல்ல. நீங்கள் பழகியதை அடுத்த அப்டேட் அழித்துவிடுகிறது. உழைப்பு உங்களுடையது, அதை வீணாக்கும் உரிமை மட்டும் வேறொருவரிடம் இருக்கிறது.

நீங்கள் கணக்கு வேலை பார்த்தவர் என்பதால் எக்செல் போன்ற விரிதாளை வைத்தே பேசுகிறேன். 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளை வெளியிட்டார்கள். நிரல் எழுதவே தெரியாதவர்கள் அதற்காகவே கணினி வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வைத்த எண் வைத்த இடத்தில் இருக்கும். ஒரு எண் தப்பாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தில் போய் நின்றால் போதும், அது எப்படி வந்தது என்ற சூத்திரம் தெரியும். பிடிக்கவில்லையா, சூத்திரத்தை மாற்றலாம். பின்னால் வந்த விரிதாள்களில் தப்பாக மாற்றிவிட்டாலும், செய்ததைத் திருப்பிவிட கன்ட்ரோல் இசட் இருக்கிறது. அத்தனை வருடம் நீங்கள் நிரல்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள், யாரும் அதை உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை.

நான் கனவு காணும் சமூக வலைத்தளம் இப்படித்தான் இருக்கும். டைம்லைனில் ஒரு பதிவு வருகிறது. அதைத் தொட்டு "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்கலாம். காரணம் நாலு வரியில் தெரிய வேண்டும்: இவரை நீங்கள் பின்தொடர்கிறீர்கள், இதைப் பத்துப் பேர் பகிர்ந்தார்கள், இதற்கு விளம்பரக் காசு வந்திருக்கிறது. தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வரிகளை நான் மாற்றவும் முடிய வேண்டும். தங்கை போடுவது எப்போதும் மேலே. முன்பின் தெரியாதவர்களின் வீடியோ ஞாயிறு மட்டும். இதில் எட்டாத தொழில்நுட்பம் எதுவும் இல்லை. புளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் 2023 முதலே எந்த வரிசை வேண்டும் என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்க விடுகிறது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் கால வரிசையை விட்டு, நமக்கு எது பிடிக்கும் என்று தளமே கணித்து அடுக்கும் வரிசைக்கு மாறியதே 2016இல்தான். நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் காட்டும் பக்கம் இப்போதும் பல தளங்களில் எங்காவது ஒளிந்திருக்கிறது. உங்கள் மகனிடம் அதைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

பொத்தான் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. பாதுகாப்புத் திருத்தமும் தோற்ற மாற்றமும் ஒரே பொட்டலமாக வருகின்றன. முதலாவதை யாரும் மறுக்கக் கூடாது, அதனால் இரண்டாவதையும் விழுங்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்துக் கொடுக்கலாம். பழைய அமைப்பு, நானாக மாற்றும்வரை அப்படியே இருக்கலாம். அதேபோல "அழிக்கவா? உறுதியா?" என்ற கேள்வியும் வேண்டாம். பழக்கத்தில் யாரும் படிக்காமலே ஆம் என்று அழுத்திவிடுகிறோம். கேட்காமல் செய்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் வழியைத் தந்தால் போதும். ஆப்பிள் நிறுவனத்தின் மேகின்டாஷ் கணினித் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கினும் இதை வற்புறுத்தினார். போனைத் தொடவே தயங்குகிறவர்கள் பலரும் தயங்குவது அறிவுக் குறைவால் அல்ல, எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தால். எந்தச் செயலியிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருக்கிற ஒரு 'பின்வாங்கு' பொத்தான் அந்தப் பயத்தில் பாதியைப் போக்கிவிடும்.

இனி எல்லாம் கணினியோடு பேசியே முடித்துவிடலாம் என்கிறார்கள். சரி, கேட்பதற்குப் பேச்சு நல்லது. ஆனால் அது என்ன செய்தது என்று காட்டாவிட்டால், செய்ததைத் திருப்ப முடியாவிட்டால், இதே தடுமாற்றம் குரலில் தொடரும்.

அப்புறம், வெளியேறும் உரிமை. மின்னஞ்சலை அனுப்புவதற்கான பொது விதிமுறை 1982இல் வந்தது. அதனால்தான் உங்கள் மின்னஞ்சல் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் வேறெந்த நிறுவனத்தில் இருப்பவருக்கும் எழுத முடிகிறது. பெரிய சமூக வலைத்தளங்கள் பலவற்றில் அது இல்லை. ஒன்றை விட்டால் அங்கே இருக்கும் எல்லோரையும் விட வேண்டும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் இல்லாத நிறுவனம் பொத்தானை எங்கே வேண்டுமானாலும் வைக்கும். இதனால்தான் வடிவமைப்பாளர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்ப முடியாது, சட்டமும் வேண்டும் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், வாட்ஸ்அப் போன்ற, செய்தி அனுப்பும் பெரிய செயலிகள் பிற செயலிகளோடு பேச வழிவிட வேண்டும் என்கிறது.

சமூக வலைத்தளங்களுக்கும் ஒரு பொது விதிமுறை உண்டு. ஆக்டிவிட்டிபப் என்ற அதை 2018இல், இணையத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றது. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதைத் தேடிப் போகும் ஒருவரிடம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும் முன்பே, எந்தச் சர்வரில், அதாவது யார் நடத்தும் கணினியில், சேரப்போகிறீர்கள் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். சுதந்திரமான வலைத்தளம் செய்ய நினைக்கும் இளைஞர்கள் முதலில் அந்த ஒரு திரையைச் சரிசெய்ய வேண்டும்.