நகராட்சிக்காக வாதாடுவது: வாசகர் கேள்வி – பதில்

நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சிகளுக்காக நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞர்களும் அவர்களுக்குக் கோப்பு அனுப்பும் அலுவலர்களும் கேட்டவற்றில் சில.

கேள்வி: பார் கவுன்சிலில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நகராட்சியின் பேனலில் (அதன் வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் பட்டியலில்) இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. இது அரசு வேலையா? என் மற்ற வழக்குகளை விட்டுவிட வேண்டுமா?

வேலை அல்ல, நியமனம்தான். சம்பளம், ஓய்வூதியம் எதுவும் கிடையாது. வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் தருவார்கள், அதுவும் தாமதமாகவே வரும். மற்ற வழக்குகளைத் தாராளமாக நடத்தலாம். உண்மையில், முழுநேரச் சம்பள ஊழியராகிவிட்டால்தான் தொழில் செய்வதில் சிக்கல். இந்திய பார் கவுன்சில் விதி 49 அதைத் தடுக்கிறது.

விட வேண்டியவை வேறு. சேரும் முன் உங்கள் வழக்குக் கட்டுகளைப் புரட்டி, அந்த நகராட்சி எதிர்த்தரப்பாக உள்ள வழக்குகளை எழுதிப் பாருங்கள். சொத்துவரி, கட்டட அனுமதி, கடை வாடகை என்று மூன்று நான்காவது இருக்கும். அவற்றிலிருந்து முறைப்படி விலகி, விலகியதை ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு நியமன ஆணையை வாங்குங்கள். ஜூனியர் பெயரில் அதே வழக்கை நடத்துவது ஊருக்கே தெரிந்துவிடும், நீதிபதிக்கும் தெரியும்.

இன்னொன்று: எந்தச் சட்டம் என்பதைத் தேதியை வைத்துப் பாருங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய நகராட்சி நோட்டீஸ்கள் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி போனவை. கிராம ஊராட்சிக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். பழைய படிவத்தை அப்படியே அச்சிட்டு, இப்போது இல்லாத சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுத்தால், எதிர்வக்கீலின் முதல் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: நகராட்சி அலுவலகத்தில் வழக்குப் பிரிவைப் பார்க்கிறேன். உரிமையியல் வழக்கில் சம்மன் வந்தால் வக்கீலுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்? எத்தனை நாள் அவகாசம்?

சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை (வாதியின் கூற்றுகளுக்கு எழுத்துமூலப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் வரை. சாதாரண வழக்கில் இந்த 90 நாளைக் கண்டிப்பான எல்லையாக நீதிமன்றங்கள் கொள்வதில்லை. தகுந்த காரணம் காட்டினால் ஏற்பதுண்டு. ஒப்பந்ததாரர் பாக்கித் தொகை கேட்டுப் போடும் வழக்கில் இந்தத் தாராளம் இல்லை. கட்டுமான ஒப்பந்தத் தகராறு வணிகத் தகராறு. மதிப்பு 3 லட்சம் ரூபாயைத் தொட்டால் வணிக நீதிமன்றச் சட்டம் வந்துவிடும். அங்கே 120 நாள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடுகிறது. சம்மனில் எந்த நீதிமன்றம் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அனுப்ப வேண்டியவை: சம்மன், பிராது (வாதியின் வழக்குரை), வாதியின் ஆவண நகல்கள். சம்மனில் தபால் வரவு முத்திரை தேதியோடு தெளிவாக விழுந்திருக்க வேண்டும். அது இல்லாமல் நாள் கணக்கே போட முடியாது. இடத் தகராறு என்றால் டவுன் சர்வே பதிவேட்டின் நகல், புல வரைபடம், சாலைப் பதிவேட்டில் அந்தத் தெரு உள்ள பக்கம். நகர்மன்றத் தீர்மானம் இருந்தால் சான்றிட்ட நகல். நோட்டீஸ் கொடுத்த வழக்கென்றால் நோட்டீஸின் அலுவலக நகலோடு, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி: பதிவுத் தபால் ஒப்புகை அட்டை, அல்லது கதவில் ஒட்டியதற்குச் சாட்சிக் கையெழுத்துடன் மஹசர் (அந்த இடத்திலேயே எழுதிய பதிவு). நோட்டீஸ் இருந்து அத்தாட்சி இல்லாத கோப்புகள்தான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேல் பத்திவாரிக் குறிப்புரை. பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் என்ன உண்மை, அதற்கு எந்த ஆவணம் என்று எழுத வேண்டும். ‘பத்தி 4 இவ்வலுவலகத்துக்குத் தொடர்பில்லை’ என்று அனுப்புவது பழக்கமாகிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 8 விதி 5-இன்படி, குறிப்பாக மறுக்காத கூற்று ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படலாம். வாதி ‘நாற்பது ஆண்டாக அனுபவிக்கிறேன்’ என்று எழுதிய பத்தி அந்த நாலாவதாகவே இருக்கும். வக்கீல் களத்தைப் பார்த்தவர் அல்ல. நீங்கள் எழுதாததை அவரால் மறுக்க முடியாது. அந்தக் குறிப்புரையில் இடத்தை அளந்த சர்வேயர், நோட்டீஸ் கொடுத்த ஆய்வாளர் ஆகியோரின் பெயரும் பதவியும் இருக்கட்டும். விசாரணைக்கு வரும்போது அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்கள்.

கேள்வி: தெருவை ஆக்கிரமித்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டதால் எதிரிடை அனுபவம் (நீண்ட காலம் கைவசம் வைத்திருந்ததால் வரும் உரிமை) வந்துவிட்டது என்கிறார் ஒருவர். அகற்றப் போனால் உடனே தடையாணை வாங்கிவிடுவார். என்ன செய்யலாம்?

இருபது ஆண்டு போதாது. தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு என்பதால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். உள்ளாட்சி அமைப்பு பொதுத்தெருவை மீட்கப் போடும் வழக்குக்கு, காலவரையறைச் சட்டத்தின் 111-ஆம் இனத்தின்படி 30 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அது பொதுத்தெரு என்று காட்ட வேண்டியது நீங்கள். சாலைப் பதிவேடும் சர்வே வரைபடமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அளந்து திருத்தாமல் நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் தயாராகும்போதே கேவியட் மனுவையும் (உங்களைக் கேட்காமல் தடையாணை தர வேண்டாம் என்று முன்கூட்டியே போடும் மனு) போட்டுவிடுங்கள். நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவு. நகலை எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அது 90 நாள்தான் உயிரோடு இருக்கும்; பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். நோட்டீஸ் கொடுத்து நான்காவது மாதம் இயந்திரத்தோடு போகிறவர்கள் புதிதாக மனு போட்டிருக்க வேண்டும். ஆக்கிரமிப்பவரின் பெயர் தெரியாமல் ‘அனுபவதாரர்’ என்று மட்டும் எழுதினால், வழக்கு மனைவி பெயரில் வரும். சொத்துவரி, மின் இணைப்பு யார் பெயரில் என்று பார்த்து எல்லோரையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

கேவியட் இல்லாமல் ஒருதலையாகத் தடையாணை வந்துவிட்டாலும் கை கட்டி நிற்க வேண்டாம். ஆணை 39 விதி 3-இன்படி, மனுதாரர் அன்றே அல்லது மறுநாளே உங்களுக்கு நகல் அனுப்பி, அனுப்பியதாகப் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். செய்தாரா என்று நீதிமன்றத்தின் வழக்குக் கட்டைப் பாருங்கள். மனுவை 30 நாளில் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது விதி 3ஏ. நீங்களே வாய்தா கேட்டால் அந்த விதியைச் சொல்ல வாயிருக்காது.

தனியார் மனையில் அனுமதியின்றிக் கட்டிய கட்டடம் என்றால் கதை வேறு. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, குறைந்தது 15 நாள் அல்லது உள்ளாட்சிச் சட்டம் தரும் காலம், இரண்டில் எது பின்னால் முடிகிறதோ அதுவரை அவகாசம் தர வேண்டும். நேரில் விசாரித்துக் காரணம் எழுதிய ஆணை வேண்டும். அந்த ஆணைக்குப் பிறகு மீண்டும் 15 நாள். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். பழைய தேதியிட்டு நோட்டீஸ் எழுதுவதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. பொதுத்தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கு இந்த நெறிகள் பொருந்தாது. ஆனால் உள்ளாட்சிச் சட்டம் கேட்கும் நோட்டீஸ் அங்கேயும் வேண்டும்.

கேள்வி: தலைவர் போனில் ஒன்று சொல்கிறார், ஆணையர் வேறு சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

உங்கள் கட்சிக்காரர் இருவரும் அல்ல, நகராட்சி என்ற சட்ட அமைப்பு. அது மன்றத் தீர்மானத்தின் வழியாகவும் ஆணையரின் எழுத்துவழியாகவும்தான் பேசும். சமரசம், வழக்கை வாபஸ் வாங்குவது, மேல்முறையீட்டைக் கைவிடுவது ஆகியவற்றுக்கு எழுத்து இல்லாமல் நகராதீர்கள். போனில் வந்ததை ‘இன்று தாங்கள் தெரிவித்தபடி’ என்று ஆணையருக்குக் கடிதமாக அனுப்பி உறுதி கேளுங்கள். உறுப்பினர் ஒருவரின் தகுதி நீக்கம் வழக்கானால், அவர் தனக்குத் தனி வக்கீல் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மனுவை எட்டு வாரத்தில் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காலம் முடியப் போகிறது. அவமதிப்பு வழக்கு வருமா?

வரலாம், ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கலாம் என்கிறது அவமதிப்புச் சட்டம் 20-ஆம் பிரிவு. பரிசீலிக்கச் சொன்னால் கேட்டதைத் தரச் சொன்னதாக ஆகாது. மறுப்பதானாலும் அவர் எழுப்பிய ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் எழுதி ஆணையிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினால் உத்தரவை நிறைவேற்றியாயிற்று. காலம் போதாது என்றால் அது முடிவதற்குள் நீட்டிப்பு மனு போடுங்கள். மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்று கோப்பை மூடி வைப்பது ஆபத்து. இடைக்காலத் தடை கிடைக்காதவரை உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது.

கேள்வி: தீர்ப்பு எதிராக வந்தது. மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு எழுதியே மாதங்கள் போகின்றன. தாமதத்தை மன்னிப்பார்களா?

‘கோப்பு பல மேசைகளைக் கடந்து வந்தது’ என்ற காரணத்தை 2012-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு தபால் துறை வழக்கில் ஏற்க மறுத்தது. சாதாரண டிக்ரிக்கு (உரிமையியல் தீர்ப்பாணைக்கு) எதிராக மேல்முறையீடு செய்ய மாவட்ட நீதிமன்றத்தில் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். வணிக நீதிமன்றத் தீர்ப்புக்கு 60 நாள். நடுவர் தீர்ப்பை (ஆர்பிட்ரேஷன்) எதிர்க்க மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடையாது. மன்னிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை. சான்றிட்ட நகல் பெற நீதிமன்றம் எடுக்கும் நாட்கள் மேல்முறையீட்டுக் கணக்கில் கழியும், எனவே தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள். வக்கீலின் கருத்துரை அதே வாரம் போகட்டும். அதன் முதல் வரியில் கடைசி நாள் எது என்று தேதியாக எழுதுங்கள், ‘விரைவில்’ என்று எழுதாதீர்கள்.