வெவ்வேறு விலங்குகள் ஒன்றோடொன்று பழகும் காட்சி படத்தில் சிக்குவது வெறும் அதிர்ஷ்டமா?

ஓர் இனத்தின் செயல் இன்னோர் இனத்தின் நடத்தையை மாற்றினால் அதுவே இனங்களுக்கு இடையிலான உறவாடல். அருகருகே நிற்பது மட்டும் போதாது.

எதிர்பாராததாகத் தெரியும் காட்சிக்குப் பின்னாலும் பெரும்பாலும் உணவோ பாதுகாப்போ காரணமாக இருக்கும். மரத்தில் மேயும் மந்தி பாதித் தழையையும் காயையும் கீழே சிந்திவிடும்; புள்ளிமான் அதற்காகவே அடியில் வந்து நிற்கும். தருமபுரிப் பக்கம் புளி உலுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: மேலே ஒருவர் கிளையை உலுக்க, கீழே பொறுக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நகர்வார்கள். சிறுத்தை வந்தால் மந்தி உயரத்திலிருந்து கண்டு கத்தும். மான் அந்தக் குரலை நம்பிக் காதை விறைத்து நிற்கும். அந்தக் காதுகளைத்தான் நான் முதலில் படமெடுப்பேன்.

எனவே விலங்கைத் துரத்தாமல், காய்த்த மரத்தின் அருகே காத்திருங்கள். இரண்டு உயிர்களும் அடங்கும்படி படத்தின் சட்டத்தை அகலமாக வையுங்கள். படமெடுத்துப் பழகுவதற்கு ஏரிக்கரை போதும்: எருமை நடக்கக் கிளம்பும் வெட்டுக்கிளியைக் கரிச்சான் குருவி பாய்ந்து பிடிக்கும்; அந்தப் பாய்ச்சல் கலங்காமல் பதிய கேமராவின் ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள். இரை வைத்து வரவழைப்பது கூடவே கூடாது.

இத்தகைய படங்களுக்கு 'நட்பு' என்று பெயரிடுவது பரவலான தவறு. மந்தி மானுக்காகக் காய் பறிப்பதில்லை, அது சிந்துகிறது, மான் தின்கிறது.