வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரையா? ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில், சரக்கு வாங்கும் பையர்களுக்கு மெயில் எழுதியே பல வருஷம் வேலை பார்த்தவள் நான். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, 'பை', 'அன்டில்' இரண்டும் எனக்குக் குழம்புதுங்க. (மெர்ச்சண்டைசர், அவிநாசி)

தமிழில் யோசித்தால் குழப்பமே வராது தம்பி. 'வெள்ளிக்குள்' என்றால் பை. 'வெள்ளி வரை' என்றால் அன்டில். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'வீ வில் செண்ட் தி சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்று அனுப்பிவிட்டேன். வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று ஆகிவிட்டது. மொத்தம் எத்தனை பார்சல் என்று பையர் கேட்ட பிறகுதான் உறைத்தது. கெடு சொல்ல பை. நடந்துகொண்டே இருப்பது எப்போது நிற்கும் என்று சொல்ல அன்டில்: ஆபீஸ் ஆறு மணி வரை திறந்திருக்கும். ஒன்று கவனி, பையர் 'நாட் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கு முன்னால் நடக்காது என்று அர்த்தம்.

'லெண்ட்', 'பாரோ'? (கல்லூரி மாணவி, கோபி)

கடனாகக் கொடுப்பது லெண்ட், கடனாக வாங்குவது பாரோ. அவ்வளவுதான் கண்ணு.

'ஷேட்', 'ஷேடோ' ஒன்றுதானுங்களா? (பொள்ளாச்சி)

இல்லைங்க. இங்கே தமிழ் கைகொடுக்காது, நமக்கு இரண்டுமே நிழல்தான். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுக்கிறோமே, அந்த வெயில் படாத இடம் ஷேட். விளக்கு வெளிச்சத்தில் விரலை மடக்கி மான் காட்டினால் சுவரில் விழுகிற உருவம் ஷேடோ. சாயப்பட்டறையில் சொல்கிற ஷேட், நிறம் கூடுவது குறைவது. அதற்கு ஷேடோ என்று எழுதவே கூடாது.

எங்கள் பட்டறையிலும் 'டை', திருப்பூரிலும் 'டை'. எப்படி? (ஃபவுண்டரி ஊழியர், கோவை)

ஒலி ஒன்று, எழுத்து வேறு. உங்கள் அச்சு டி-ஐ-இ. சாயம் டி-ஒய்-இ. சாவதற்கும் உங்கள் அச்சின் எழுத்துதான். சிக்கல் 'ஐஎன்ஜி' சேர்க்கும்போது வருகிறது. சாயமிடுதலில் 'ஒய்'க்குப் பிறகு 'இ' நிற்க வேண்டும், விட்டால் 'செத்துக்கொண்டிருக்கும்' என்றாகிவிடும். அந்த 'இ' இல்லாத யூனிட் போர்டுகளைப் பார்த்து மனசு சங்கடப்பட்டிருக்கிறேன். பெயின்டரிடம் எழுதிக் கொடுக்கும்முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.