குடிலுக்கு விதைப்பதும் நட்சத்திரம் மடிப்பதும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

திருச்சியில் வசிக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு, மகள் யு.கே.ஜி. சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்களைப் பிள்ளைகளே செய்யட்டும் என்று கடையில் ஒரு கைவேலைப் பெட்டி வாங்கினேன். எல்லாம் முன்பே வெட்டித் துளையிட்டு வைத்திருந்தது. இருவரும் ஸ்டிக்கரைப் பிரித்து ஒட்டினார்கள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, திரும்பவும் கைபேசியைக் கேட்டார்கள். இணையத்திலிருந்து மணியும் மரமும் போட்ட கணக்குத் தாள்களை அச்செடுத்துக் கொடுத்தேன். பண்டிகைக்கும் வீட்டுப்பாடமா என்று மகன் அழுதேவிட்டான். கொண்டாட்டத்தோடு கொஞ்சம் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்று நினைப்பது தவறா? அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் எங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நாட்கள்தான். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். சின்னவள் செய்வது கோணலாக வந்தால் அண்ணன் கேலி செய்கிறான். அவள் தூங்கியபின் நானே சரிசெய்து வைத்துவிடுகிறேன். அது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நினைத்ததில் தவறேதும் இல்லை. கைக்குக் கிடைத்த இரண்டு வழிகளும் அந்த நினைப்புக்கு உதவவில்லை, அவ்வளவுதான். கடைப் பெட்டியில் அளப்பது, வெட்டுவது, எங்கே மடிப்பது என்று தீர்மானிப்பது, தப்பு வந்தால் அதைக் கண்டுபிடிப்பது ஆகிய அனைத்தையும் தொழிற்சாலையே முடித்துவிட்டது. பிள்ளைக்கு மிச்சமாக விட்டது ஒட்டுவதை மட்டும். கணக்குத் தாளிலோ மணியின் படம் ஓர் ஓரத்தில் இருக்கிறது, கணக்கு வேறோர் ஓரத்தில் இருக்கிறது; படத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கும். உங்கள் மகன் அதைக் கண்டுபிடித்துத்தான் அழுதிருக்கிறான்.

கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் சில, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடங்களிலேயே பிறந்தவை என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தேவாலயங்களிலும் கடைகளிலும் பல முனைகளோடு தொங்கும் பெரிய நட்சத்திரத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதற்கு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று பெயர். இன்று ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் இருக்கும் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவியச் சபை என்னும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய விடுதிப் பள்ளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் வகுப்புக்கான பயிற்சியாகத்தான் அது முதலில் செய்யப்பட்டது. (தரங்கம்பாடிக்கு அருகே 1760இல் வந்து குடியேறியவர்களும் இதே சபையார்தான்.) அந்த நட்சத்திரத்தின் உள்கூடு பதினெட்டுச் சதுரங்களும் எட்டு முக்கோணங்களும் கொண்டது. தொங்கவிடுவதற்காக ஒரு சதுரத்தை ஒதுக்கிவிட்டால் மற்றவற்றின்மேல் 25 கூம்புகள் நிற்கும்: நான்கு பட்டை கொண்டவை 17, மூன்று பட்டை கொண்டவை 8. அளவு ஒரு கூம்பில் பிசகினாலும் அது தன் இடத்தில் உட்காராது.

இன்னொன்று, ஹாம்பர்கில் 1839இல் நடந்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்னும் இறையியலாளரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று சிறுவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் அதன்மேல் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிவந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலமான திருவருகைக்காலம் அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியதால் சிறியவை இருபது, பெரியவை நான்கு. இன்று திருவருகைக்காலத்தில் நம் ஆலயங்களில் நான்கு மெழுகுவர்த்தியோடு வைக்கும் பசுமை வளையம் அந்தச் சக்கரத்திலிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டிலும் கணக்கை வெளியே எடுத்துவிட்டால் பொருளே இருக்காது. பிள்ளைகளுக்கு ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோலும் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். பாடத்தைத் தனியே பிரித்தெடுக்க முடிகிற வேலையை விட்டுவிடுங்கள். அந்த அளவுகோலுக்கு நிற்கிற, உங்கள் வீட்டில் முடிகிற இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது முடிச்சு நட்சத்திரம். இருபுறமும் நிறமுள்ள ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டைகளாக வெட்ட வேண்டும். தாளின் அகலம் 21 சென்டிமீட்டர் என்பதை மகனே அளந்து, எத்தனை பட்டை கிடைக்கும் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லட்டும். ஒரு பட்டையை எடுத்து, அதன் முனைக்கு அருகில், நூலில் போடுவது போலவே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துக்கொண்டே விரலால் தட்டையாக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள் கசங்கிவிடும். பொறுமையாக இழுத்தால் முடிச்சு இறுகும்போது ஐந்து பக்கமும் சமமான ஓர் ஐங்கோணம் கண்முன்னே உருவாகும். நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை வாலை உள்ளே மடித்துவிட்டு, நீண்ட வாலை ஐங்கோணத்தின்மேல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டை தானாகவே ஒரு பக்கத்தின் விளிம்போடு பொருந்தி, அடுத்து எங்கே மடிய வேண்டும் என்று காட்டும். கடைசித் துண்டை உறையில் கடிதத்தைச் செருகுவது போல் உள்ளே செருகிவிட்டு, ஐங்கோணத்தின் விளிம்புகளை இரு விரல்களால் பிடித்தபடி ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நகத்தால் உள்நோக்கி அமுக்கினால், தட்டையாக இருந்தது புடைத்துக்கொண்டு ஐந்து முனை நட்சத்திரமாகிவிடும்.

பட்டையின் அகலம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்திருந்தால் சுற்று விளிம்பை விட்டு விலகும். பிழை எங்கே என்பதைத் தாளே காட்டிவிடுவதால் நீங்கள் திருத்த வேண்டிய அவசியம் இல்லை. அவன் அடுத்த பட்டையைக் கவனமாக அளப்பான். கோணமானி வீட்டில் இருந்தால் ஐங்கோணத்தின் ஒரு மூலையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய உருவில் மிகச்சரியாக அளக்க வராது என்றாலும், 108 பாகைக்கு அருகில் வரும். எல்லா மூலையும் ஏன் ஒரே அளவாக இருக்கிறது என்று அவன் கேட்டால் அதுவே போதுமான பாடம். கேட்காவிட்டால் நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள். குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்க உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த மடிப்பு இன்னும் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் பட்டையை மடக்கி, செருகி, இறுக்கும் பழக்கம் அந்தக் கைக்கு ஏற்கெனவே இருக்கும்.

சின்னவளுக்கு முடிச்சுப் போட வராது. அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. நட்சத்திரங்களை நிறம் பிரித்து வைப்பதும், இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, மறுபடி இரண்டு சிவப்பு என்று தானே ஒரு வரிசையைத் தீர்மானித்து அப்படியே நூலில் கோக்கத் தருவதும் அவள் பொறுப்பாகட்டும். வரிசையைக் கலைக்காமல் கடைசிவரை கொண்டுபோவது ஐந்து வயதுக்குப் பெரிய வேலை. ஊசியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குடிலுக்கான பயிர். குடிலைச் சுற்றிப் பசுமை தெரிய வேண்டும் என்று கேழ்வரகையோ கோதுமையையோ முளைக்கவிடும் வழக்கம் உங்கள் உறவினர் வீடுகளிலும் இருக்கலாம். ஓர் இரவு ஊறவைத்த கோதுமையை, அடியில் சிறு துளையிட்ட கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பி நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடினால் போதும். டிசம்பரில் மழை ஈரம் இருப்பதால் தண்ணீரைத் தெளிக்க வேண்டுமே தவிர ஊற்றக் கூடாது. ஊற்றினால் பூஞ்சை பிடித்துவிடும். இதோடு கூடுதலாக ஒன்று செய்யுங்கள். ஒரு கொட்டாங்கச்சியை மட்டும் மூடிய அலமாரிக்குள் வைத்து, வெளியே இருப்பது உயரமாக வளருமா, உள்ளே இருப்பதா என்று இருவரையும் முன்பே சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெயிலில் இருப்பதைத்தான் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால், இருட்டில் இருந்தது வெளிர் மஞ்சளாக, ஒல்லியாக, ஆனால் வெளியே இருப்பதைவிட நெடிதாக வளர்ந்து சாய்ந்திருக்கும். வெளிச்சத்தைத் தேடும் முளை, விதைக்குள் இருந்த உணவையெல்லாம் நீளுவதற்கே செலவழிப்பதால் அப்படி ஆகிறது. அதை எடுத்து ஜன்னலோரம் வைத்தால் ஓரிரு நாளில் பச்சை ஏறத் தொடங்குவதையும் அவர்கள் பார்க்கலாம். அளப்பதற்கு மகனுக்கு அளவுகோல், மகளுக்கு அவளுடைய விரற்கடை. இரண்டு பேரும் சொல்லும் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்ற பேச்சு தானாக எழும். அப்போது அவர்களைப் பேசவிட்டு நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று பிசைந்து உருவங்கள் செய்யும் முறை இணையத்தில் நிறையக் கிடைக்கும். ஓவன் இல்லாத வீட்டில், நம் டிசம்பர் ஈரத்தில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் பொம்மை காயாமல் பிசுபிசுத்துப் போகும், பிள்ளைகளும் மனம் சோர்ந்துவிடுவார்கள். ஜிகினாத் தூளையும் தவிர்த்துவிடுங்கள். அது பொடிப் பொடியான பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து அதன் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சிய பசையே போதும். ஆனால் பூச்சி அரிக்காமலிருக்கச் சிலர் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது. காகித அலங்காரத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம், எல்இடி சீரியல் விளக்கு போதும்.

இனி, சின்னவள் தூங்கியபின் நீங்கள் செய்யும் திருத்தம். தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். தான் ஒட்டியது எப்படி இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில் அது நேராக நிற்பதைப் பார்க்கும்போது அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தன் வேலை போதாது என்று அம்மா நினைக்கிறாள் என்பதையே அவள் புரிந்துகொள்கிறாள். அண்ணனின் கேலியைவிட அது ஆழமாகத் தைக்கும். அவள் செய்தது கோணலாக இருந்தாலும் அதை விருந்தாளிகள் பார்க்கும் இடத்திலேயே, அவள் பெயரையும் ஆண்டையும் பின்புறம் எழுதித் தொங்கவிடுங்கள். பெரியவனைத் திட்ட வேண்டாம். தங்கை கோக்கும் வரிசைக்கான நட்சத்திரங்களைச் செய்து தரும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். அவள் வரிசை சரியாக வருவது தன் அளவையும் பொறுத்தது என்று தெரிந்தபின் அவன் கேலி குறையும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் அவள் வேலையை யாரும் தொடக்கூடாது என்ற விதியில் நீங்கள் உறுதியாக இருங்கள்.

நேரம் போதாது என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். விதைப்பதற்குத் தேர்வு தடையில்லை. 12ஆம் தேதியை ஒட்டி, ஒரு மாலையில் படிப்புக்கு நடுவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால் விதைத்துவிடலாம். பிறகு தினமும் தண்ணீர் தெளிப்பதும் அளப்பதும் சில நிமிட வேலை. நட்சத்திரங்களைத் தேர்வு முடிந்த அன்று மாலையில் தொடங்கலாம். 25ஆம் தேதியோடு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று ஞானிகளின் சொரூபங்களைக் குடிலுக்குள் முன்பே வைத்துவிடாமல் வீட்டின் மறுகோடியில் வைத்து, அந்த ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவான ஜனவரி 6 வரை நாளுக்கு ஒரே அளவு தூரம் நகர்த்திக்கொண்டு வரச் செய்யுங்கள். மொத்தத் தூரத்தை அளந்து, ஒரு நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வகுத்துக் கண்டுபிடிப்பது மகன் வேலை. காலையில் எழுந்ததும் நகர்த்துவது மகள் வேலை.

அன்புடன்.