மார்க் குறையும்போது முதலில் எதைப் பார்ப்பது?

மாணவர் மனநலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பத்தாம் வகுப்பில் 468 எடுத்த என் மகள், ப்ளஸ் டூ அரையாண்டில் இயற்பியலிலும் கணக்கிலும் ஃபெயில். போன்கூட அதிகம் பார்ப்பதில்லை. புத்தகத்தை விரித்துவைத்து ஒரே பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். 'எல்லாம் சோம்பேறித்தனம்' என்கிறார் அவள் அப்பா. அப்படித்தானா?
ஒரு தாய், நாமக்கல்

சோம்பேறித்தனம் என்றால் படிப்பில் மட்டும்தான் சுணக்கம் இருக்கும். போன், அரட்டை, தூக்கம் எல்லாம் வழக்கம்போல நடக்கும். உங்கள் மகளுக்குப் பிடித்த விஷயங்களிலும் ஆசை விட்டுப்போயிருக்கிறது, தூக்கமும் கெட்டிருக்கிறது. இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அநேகமாகத் தினமும் இப்படி இரண்டு வாரமாவது நீடித்திருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாடு குறைந்திருக்கிறதா, தோழிகளைத் தவிர்க்கிறாளா, 'என்னால எதுவும் முடியாது' என்று சொல்கிறாளா என்றும் கவனியுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். வீட்டில் அதை 'வாய் நீண்டுவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மார்க் ஏன் குறைகிறது? ஓர் இயற்பியல் கணக்கைப் போடும்போது சூத்திரம், கொடுத்த எண்கள், அலகு, எந்தப் படியில் இருக்கிறோம் என்பது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைத்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்துவைக்கும் இடம் மூளையில் மிகச் சிறியது. சுமார் நான்கு விஷயங்கள்தான் கொள்ளும். அதில் ஓர் இடத்தை 'ஃபெயில் ஆயிட்டா என்ன பண்றது' என்ற எண்ணம் பிடித்துக்கொண்டால், இரண்டாவது படிக்குப் போகும்போது முதல் படி நழுவிவிடும். படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பதும் இதனால்தான். போதாக்குறைக்கு, பகலில் படித்தது நினைவில் உறைவது இரவுத் தூக்கத்தில். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். இந்தச் சமயத்தில் பல வீடுகளில் செய்வது, காலை ஐந்து மணிக்கு இன்னொரு டியூஷன் சேர்ப்பது. மிச்சமிருக்கும் தூக்கத்தையும் அது பறித்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் தினமும் குறித்துவையுங்கள்: படுத்த நேரம், விழித்த நேரம், எத்தனை வேளை சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாளா. 'எப்பவும் இப்படித்தான் டாக்டர்' என்று சொல்வதைவிட இந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் உதவும். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே அசதியும் கவனக்குறைவும் வரலாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று கேளுங்கள். அதை அவளாகச் சொல்லமாட்டாள்.

அடுத்தது மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் கிடையாது. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணுக்குப் பேசுங்கள். 2022 முதல் இயங்கும் இந்த இலவச சேவையில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 'நாளைக்கு காலேஜ் அட்மிஷன்ல தெரிஞ்சிடுமோ' என்ற பயம் வேண்டாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. மருத்துவரிடம் அவள் பத்து நிமிடமாவது தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள்.

அதுவரை படிப்பை நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். இருபது நிமிடம் படிப்பு, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்கு வருவதை ஐந்து நிமிடம் எழுதுவது, பிறகு பத்து நிமிடம் ஓய்வு. ஒரு மாலைக்கு இப்படி மூன்று சுற்று போதும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மூடிவைத்து எழுதிப் பார்ப்பதே ஒரு வாரம் கழித்தும் நினைவில் நிற்கும் என்பது சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், 6 இரண்டு மதிப்பெண் வினாக்கள். இந்த 27 மதிப்பெண்ணை முதலில் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஐந்து மதிப்பெண் வினாக்களைப் பிறகு பார்க்கலாம். வகுப்பாசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வு உண்டு என்பதை அவள் அப்பாவே அவளிடம் சொன்னால் இன்னும் நல்லது.

வீட்டில் எழுதிப் பார்க்கும்போது எல்லாம் வருகிறது. ஹாலில் வினாத்தாளைப் பார்த்ததும் கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, பிளாங்க் ஆகிவிடுகிறது. பரீட்சைக்குப் போட்டுக்கொள்ள மாத்திரை ஏதாவது உண்டா?
மாணவர், தஞ்சாவூர்

படித்தது அழிந்துவிடவில்லை. பதற்றத்தில் எடுக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். படபடப்பு உச்சத்துக்குப் போவதே சுமார் பத்து நிமிடத்துக்குள். பிறகு தானாக இறங்கும். நம் பொதுத்தேர்வில் 10 மணி முதல் 10.10 வரை வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் நேரத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. வேகமாக ஆழ ஆழ இழுக்காதீர்கள். தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும்தான் மிச்சம். பிறகு ஐந்து மதிப்பெண் பகுதியைப் புரட்டாமல், பதில் நிச்சயமாகத் தெரிந்த ஒரு மதிப்பெண் வினாக்களைத் தேடுங்கள்.

பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தையெல்லாம் தாளில் எழுதித் தீர்த்த மாணவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. செலவில்லாதது, செய்து பார்க்கலாம். வாரம் ஒருமுறை கடிகாரம் வைத்து, வீட்டுக்கு வெளியே எங்காவது மேசையில் உட்கார்ந்து மாதிரித்தேர்வு எழுதுவது இதைவிட முக்கியம்.

மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். படபடப்புக்கு நண்பர்கள் கொடுக்கும் ப்ரோப்ரனலால், வீசிங் இருப்பவர்களுக்கு ஆபத்து. அல்ப்ரசோலம் போட்டால் பதற்றத்தோடு ஞாபகமும் மங்கும்.

ஞாபகசக்தி டானிக் கொடுக்கலாமா?
வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். அந்தப் பணத்தில் முட்டையும் சுண்டலும் வாங்குங்கள், பிள்ளையைப் பத்து மணிக்குத் தூங்க வையுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், 'நான் இருந்து என்ன சார் பிரயோஜனம்' என்றான். அதைப் பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தைத் தூண்டியதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
ஆசிரியர், திருவண்ணாமலை

தூண்டாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பேச ஒரு வழி கிடைத்ததென்று பெரும்பாலானவர்களுக்கு ஆறுதல்தான் வரும். இன்றைக்கே, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் நேராகக் கேளுங்கள்: 'செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?' ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா என்பதையும் கேளுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், அப்பா அம்மா கஷ்டத்தை நினைவூட்டாதீர்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாரிடம் சொல்லப்போகிறோம் என்பதை அவனிடமே முதலில் சொல்லுங்கள்.

திட்டம் இருப்பதாகச் சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. பெற்றோரை வரவழைத்து அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாததே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. டெலி-மானஸின் 14416, அரசு மருத்துவ உதவிக்கான 104 ஆகிய எண்களை அவன் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். மறுநாள் காலை அவன் வகுப்புக்கு வந்தானா என்று பாருங்கள்.

மகனுக்கு மனச்சோர்வுக்கான ஃப்ளுவோக்செட்டின் மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. முன்னேற்றம் இல்லை. அடிமையாகிவிடுவானோ? பரீட்சை நேரத்தில் நிறுத்திவிடலாமா?
ஒரு தந்தை, சேலம்

பத்து நாளில் பலன் தெரியாது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் ஓரளவு குறையும். 25 வயதுக்குட்பட்ட சிலருக்குத் தொடக்கத்திலும் அளவை மாற்றும்போதும் நிலைகொள்ளாத தவிப்போ தற்கொலை எண்ணமோ கூடலாம். அப்படித் தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இது அடிமைப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. பலர் செய்யும் தவறு, இரண்டு மாதத்தில் பையன் தெளிந்ததும் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்திவிடுவது. அப்போதுதான் நோய் திரும்புகிறது. தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் பொதுத்தேர்வு வந்தால் பரீட்சை நாட்களிலும் மாத்திரை வழக்கம்போலத்தான்.