எதிரொலியை அடக்கத் துணிப் பேனல்: கேட்டவர்களுக்குப் பதில்

தருமபுரியில் சோபா, மெத்தை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். ஆறேழு வருடமாகப் பாட்டு வகுப்பு, ரெக்கார்டிங் அறை, சின்ன ஹால் ஆகியவற்றுக்குத் துணி போர்த்திய ஒலி பேனலும் செய்து தருகிறேன். மரச்சட்டத்துக்குள் ஒலியை விழுங்கும் இழைப் பொருளை வைத்து, மேலே துணி போர்த்தியதுதான் பேனல். வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்பட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 10க்கு 12 அடி அறையில் கதை சொல்லி ரெக்கார்ட் செய்கிறேன். கூரை உயரம் 10 அடி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியும் சரியாகவில்லை.

முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ், தம்பி. ‘ச’, ‘ஸ’ மாதிரி கூர்மையான ஓசையைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். ஒலி ஒரு பொருளுக்குள் நுழைய வேண்டும், உள்ளே இழைகளோடு காற்று உரச வேண்டும், அந்த உரசலில் அது சூடாக மாற வேண்டும். அப்போதுதான் அடங்கும். அதற்கு ஆழம் தேவை. 500 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 500 தடவை அதிர்கிற ஒலி அலையின் நீளமே கிட்டத்தட்ட 69 செ.மீ. அட்டையின் தடிமன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை எல்லாம் நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியைத்தான் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால், காலி அறையில் ஒரு கைதட்டல் 60 டெசிபல் இறங்க, அதாவது கிட்டத்தட்ட முழுக்க அடங்க, 3 விநாடி ஆகிவிடும். 2 அங்குலத் தடிமனில், 1 மீட்டருக்கு 60 செ.மீ. அளவில் 8 பேனல் மாட்டினால் அது 1 விநாடிக்குள் வரும். 16 மாட்டினால் அரை விநாடிக்குப் பக்கம். கட்டில், பீரோ, துணிமணி இருந்தால் குறைவாகவே போதும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பறையில் பேச்சே புரியவில்லை என்று அவரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். ராத்திரியில் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஓசை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று நேரம் குறித்துக்கொண்டே இருந்தார். அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது இல்லையா? ஒரு நல்ல பேனல் மாட்டுவது, அந்த இடத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பது மாதிரிதான். மெத்தை தைக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: பேனலுக்குள் வைக்க ராக்வூல் (கல் இழை) தான் வேண்டுமா? வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறது. தேங்காய் நாரும் கிடைக்கும்.

இலவம்பஞ்சு ஒலியை நன்றாகவே விழுங்கும். ஆனால் செங்குத்தாக நிற்கவைத்தால் ஆறு மாதத்தில் பஞ்சு கீழே இறங்கி, மேல்பாதி வெறும் துணியாகிவிடும். மெத்தைக்குப் போடுவது போல அரை அடிக்கு ஒரு தையல் போட்டால் நிற்கும். நார் மெத்தைக்குத் தடிமனைக் கூட்ட வேண்டும். 2 அங்குலத்தில் மேல் ஓசை மட்டும்தான் அடங்கும். இரண்டுமே தீப்பிடிக்கும். விளக்கு, ஒயர் பக்கம் வைக்காதீர்கள்.

என் கை போவது ராக்வூலுக்குத்தான். 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி கேளுங்கள். கல்லை உருக்கி இழையாக்கியது, எரியாது. ஓசூர் பக்கம் பாய்லர், ஏசி குழாய்க்கு இன்சுலேஷன் வேலை செய்கிறவர்களிடம் விசாரியுங்கள். ராக்வூல் பலகை பலகையாக வரும், அதைத்தான் ஸ்லாப் என்பார்கள். ஸ்லாப் கைக்கு வந்த பிறகு சட்டம் அடியுங்கள். முதல் தடவை நான் 4க்கு 2 அடி சட்டம் எல்லாம் அடித்து முடித்துவிட்டு வாங்கப் போனேன். கிடைத்தது 1 மீட்டருக்கு 60 செ.மீ. ஒவ்வொரு சட்டத்திலும் அரை அடிக்கு மேல் சந்து. மொத்தத்தையும் பிரித்து அடித்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஆசிரியை: அம்மாவின் பழைய சேலைகளைப் போர்த்தலாமா? மேல்துணி எது நல்லது?

தாராளமாகப் போர்த்தலாம் அம்மா. துணியை வாயோடு வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால் ஒலியும் போகும். நைந்த நூல் சேலை, காடாத் துணி, சணல் துணி எல்லாம் தேறும். நெருக்கமாக நெய்த பட்டுத் துணியை ஊதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரெக்சின் வேண்டவே வேண்டாம். கடையில் மீந்த ரெக்சினைப் போட்டு ஒருவருக்கு நான்கு பேனல் செய்து கொடுத்தேன். பார்க்க அழகு, ஆனால் பேச்சு அப்படியே சுவரில் பட்டது போலத் திரும்பி வந்தது. அவரிடம் சொல்லி எல்லாவற்றையும் கழற்றி, காடா போட்டுக் கொடுத்த பிறகுதான் அறை அடங்கியது.

போர்த்துவதில்தான் கைவேலை இருக்கிறது. காடாவாக இருந்தால் முதலில் தண்ணீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள், சுருங்குவது முன்னாடியே சுருங்கட்டும். துணியைத் தரையில் விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். நாலு பக்கமும் 3 அங்குலம் மீதி விடுங்கள். நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின், இழுத்து எதிர்ப்பக்க நடுவில் ஒரு பின். அப்புறம் குறுக்குப் பக்கங்களின் நடு. அங்கிருந்து மூலையை நோக்கி நாலு விரல் இடைவெளியில் அடித்துக்கொண்டே போங்கள். துணியின் இழை சட்டத்தோடு நேராக ஓடுகிறதா என்று நிமிர்த்தி நிமிர்த்திப் பாருங்கள். கோடு போட்ட சேலையில் அரை அங்குலம் சாய்ந்தாலும் கண்ணில் உறுத்தும். மூலையைக் கடைசியில் மடிக்கணும், போர்வையின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகுகிற மாதிரி. ஜரிகைக் கரையைப் பின்னால் தள்ளிவிடுங்கள், முந்தானையை நடுவில் கொண்டு வாருங்கள்.

தொப்பூரிலிருந்து: ஐயா, கணவாயில் ராத்திரி முழுக்க லாரி சத்தம். ஜன்னல் பக்கச் சுவரில் பேனல் அடித்தால் தூங்க முடியுமா?

முடியாது, ஐயா. பேனல் அறைக்குள் பிறக்கிற ஒலியை அடக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க கனமும், சந்து இல்லாமையும் வேண்டும். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் முதலில் அதை ரப்பர் பட்டி வைத்து அடையுங்கள். ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும் அப்படியே. கண்ணாடி கனமானதாக, இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது. பேனலுக்குக் காசு போட வேண்டாம்.

ஓசூரிலிருந்து: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ராக்வூல் அரிக்கும், புற்றுநோய் வரும் என்கிறார்களே?

அரிப்பு உண்மைதான். அறுக்கும்போது என்95 மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்கள். வேலையை மாடியில், வெளிக்காற்றில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளித்து உடை மாற்றுங்கள். புற்றுநோய் பற்றிச் சொன்னால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2001இல் சான்றுகளை மறுபடி பார்த்து, இன்சுலேஷன் ராக்வூலையும் கண்ணாடி இழையையும் மூன்றாம் பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவை அந்தப் பிரிவில் வரும். இருந்தாலும் நான் ஸ்லாப்பை முதலில் மெல்லிய நான்-வோவன் துணியில் முழுசாகச் சுற்றிவிட்டுத்தான் மேல்துணி போடுவேன். தூசு உதிராது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: கம்பெனிகளில் கழிக்கிற பேக்கிங் பலகையில் சட்டம் அடிக்கலாமா?

அடிக்கலாம். பலகையில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மாமரப் பலகை நம் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் வண்டு துளைக்கும்.

தருமபுரி, மிருதங்க வகுப்பு நடத்துபவர்: எட்டு பேனல் மாட்டினேன். பேச்சு தெளிவாகிவிட்டது, மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) ஓசை மட்டும் இன்னும் குமுறுகிறது.

அந்த மாதிரித் தாழ்ந்த ஓசைக்கு 2 அங்குலம் பற்றாது, வாத்தியாரே. 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கிற சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓசை தேங்கி நிற்கும், அது குவிவது மூலையில். இரண்டு ஸ்லாப்பைச் சேர்த்து 4 அங்குலமாக்கி, மூலைக்குக் குறுக்கே சாய்த்து நிறுத்துங்கள். பின்னால் உருவாகும் முக்கோணச் சந்தும் உதவும். மற்ற பேனல்களையும் சுவரோடு ஒட்டாமல் கட்டை வைத்து 2 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். செலவில்லாமல் கிடைக்கிற ஆழம் அது.

பென்னாகரம் பக்கம், கூத்து வாத்தியார்: பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில். ஒரு பக்கம் திறந்திருக்கும். பாட்டின் சொல்லே புரியமாட்டேன் என்கிறது.

திறந்த பக்கம் உங்களுக்கு வரம், அதை மூடிவிடாதீர்கள். ஓட்டில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. இரும்புச் சட்டத்திலிருந்து கம்பி கட்டிப் பேனலைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். இரண்டு முகத்துக்கும் துணி போட்டால் இரண்டு பக்கமும் ஒலியை வாங்கும், சுவரில் மாட்டுவதைவிட வேலை அதிகம் நடக்கும். மழைச் சத்தம் மட்டும் குறையாது. முதலில் ஆறு பேனல் தொங்கவிட்டு, மிருதங்கமும் முகவீணையும் வாசிக்க ஒரு பையனைப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். சொல் சொல்லாகக் காதில் விழுந்தால் அதோடு நிறுத்திவிடலாம்.