மாஸ்க் போட்டும் சருகு கூட்டினால் இருமல்

துணி மாஸ்க் போட்டுச் சருகு கூட்டியும் இருமல் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை விட்டுவிட்டு, நுண்தூசியை வடிகட்டும் என்95 மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் கன்னத்தோரம் இடைவெளி விடும். நுண்தூசி அந்த வழியாகவும் துணி வழியாகவும் உள்ளே போகிறது.

செடிக்குத் தண்ணீர் விடும்போது வராத இருமல் சருகு கூட்டும்போது மட்டும் வருகிறது என்கிறீர்கள். எனக்குப் பூஞ்சை வித்துகள்மேல்தான் சந்தேகம். ஈரத்தில் மக்கிப் பிறகு காய்ந்த சருகைப் புரட்டினால், சாம்பல் நிறத்தில் புகைபோல எழும்பும், பாருங்கள்.

1. கூட்டுமுன் பூவாளியால் சருகை லேசாக நனைத்துவிடுங்கள். மாஸ்க்கைவிட இதுதான் முக்கியம். சருகை ஊதித் தள்ளும் ப்ளோயர் வேண்டவே வேண்டாம்.
2. மாஸ்க்கைப் போட்டதும் பலமாக ஊதுங்கள். கண்ணோரம் காற்று பட்டால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்துங்கள். தாடி இருந்தால் சரியாகப் பொருந்தாது.

வீசிங், நெஞ்சு இறுக்கம், அன்றிரவே காய்ச்சல் என்று வந்தால் மாஸ்க்கை நம்பி வேலையைத் தொடராதீர்கள். நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.